குழந்தைகளின் படப் புத்தகமும் நம் தராசும்

எழுத்தறியாத பிள்ளையிடம் ஒரு வெள்ளியைக் கொடுத்து உம்மா கடைக்கு அனுப்புகிறாள். அதற்குத் தராசு முள்ளைப் பார்க்கத் தெரியாது. மீதிக் காசை எண்ணவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு எடை குறைத்துக் கொடுப்பதைப்போல் சுலபமான மோசடி வேறில்லை. அதனாலேயே அது மிகக் கேவலமான மோசடி என்பதை வியாபாரிகளான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறு பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவரும் இத்தகைய வாடிக்கையாளரிடம்தான் வியாபாரம் செய்கிறார். காசு கொடுப்பவர் தகப்பனார். சரக்கு போய்ச் சேருவது பிள்ளையிடம். தகப்பனாருக்கு எழுத்துத் தெரியும். நாலு வயதுப் பிள்ளைக்கோ படம்தான் புத்தகம். படம் பொய் சொன்னால் அதைத் தட்டிக் கேட்க அதற்கு வழியில்லை.

இது எனக்கு உறைத்த விதத்தைச் சொல்லுகிறேன். நான் மளிகையோடு பள்ளிக்கூடச் சாமான்களும் விற்பவன். ஒரு நாள் ஒரு சிறுமி வந்து, ‘தோல் கலர்’ பென்சில் வேண்டுமென்றாள். நான் யோசியாமல் வெளிறிய ரோஜா நிறப் பென்சிலை எடுத்து நீட்டினேன். வாங்கிய கையும் மாநிறம். கொடுத்த கை அதைவிடக் கறுப்பு. எத்தனை வருஷங்களாக இந்த வியாபாரத்தைச் செய்திருக்கிறேன்! அன்றிரவு என் இளைய மகளின் சித்திரத் தாள்களைப் புரட்டினேன். வாப்பா, உம்மா, காக்காமார் எல்லோரும் அதே ரோஜா நிறம். பிள்ளை பொய் சொல்லவில்லை. புத்தகங்களில் மனிதர்கள் எந்த நிறத்தில் இருந்தார்களோ அந்த நிறத்தை எங்களுக்கும் பூசியிருக்கிறாள்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கைப் பேரேட்டில் எழுதுவதுபோல் எழுதிப் பார்த்த மாது ஒருவர் உண்டு. நான்ஸி லாரிக் என்பது அவர் பெயர். 1962 முதல் 1964 வரை மூன்று வருஷங்களில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒரு கறுப்பு மனிதரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை! 1965இல் இதைப் பத்திரிகையில் எழுதி, அந்நாட்டுப் பதிப்பாளர்களை வெட்கப்பட வைத்தார்.

அந்த 1962இல் வெளிவந்ததுதான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி, படமும் அமைத்த ‘தி ஸ்னோயி டே’. பீட்டர் என்ற கறுப்புச் சிறுவன் சிவப்பு உடுப்பு அணிந்து பனியில் விளையாடுகிறான். ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான்; அது உருகிப் போகிறது. கதை அவ்வளவுதான். பனியையே காணாத நம் பிள்ளைகளுக்கும் ஐஸ் கட்டியைப் பையில் போட்டுப் பார்த்த அனுபவம் இல்லாமலா போகும்?

கீட்ஸ் கறுப்பர் அல்லர். போலந்திலிருந்து வந்து நியூயார்க்கில் குடியேறிய ஏழை யூதர்களின் மகன். யூதர் என்ற துவேஷத்துக்கு அஞ்சித் தம் பெயரையே மாற்றிக் கொண்டவர். 1940இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்த நான்கு புகைப்படங்களை அவர் வெட்டி வைத்துக் கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திக் கொள்ளப்போகும் ஒரு கறுப்புக் குழந்தையின் படங்கள் அவை. இருபது வருஷங்களுக்கும் மேலாக அவற்றை வைத்துப் பார்த்துப் பார்த்து, பிறகே பீட்டரை உருவாக்கினார். காகிதத்தையும் துணியையும் வெட்டி ஒட்டியும், ரப்பரில் செதுக்கிய அச்சினால் பனித்துகள்களைப் பதித்தும், பல் துலக்கும் பிரஷ்ஷால் மையைத் தெளித்தும் செய்த வேலை அது.

பிறர் வீட்டுப் பிள்ளையை வரைய இவருக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். அவ்வளவு காலம் ஒரு முகத்தை நோக்கியவருக்கு அந்த உரிமை உண்டு என்பதே என் கருத்து. ஆனாலும் அந்தப் புகைப்படக் குழந்தைக்கு அவர் கடன்பட்டவர்தான். லாரிக் அம்மையார் இந்தப் புத்தகத்தையும் விடவில்லை. பீட்டரின் தாயைப் பருத்த உடம்பும் பகட்டான மஞ்சள் கட்டம்போட்ட உடையுமாகக் காட்டியதைக் குறை சொன்னார். சிறுவன் கறுப்பன் என்று எழுத்தில் எங்குமே சொல்லவில்லையே என்றும் கேட்டார். முதல் குறையில் நியாயம் இருக்கலாம். தம் தாயை ஒத்த ஒருத்தியைப் பழைய பரிகாசச் சித்திரங்களில் பார்த்துப் புண்பட்டவர்களுக்கு அது வலிக்கும். இரண்டாவதை நான் ஏற்கவில்லை. அரிசி மூட்டையைத் திறந்து வைத்திருக்கும்போது அதன்மேல் ‘அரிசி’ என்று அட்டை எதற்கு?

உருவம் வரைவதே ஆகுமா என்று நம்மில் சிலர் கேட்பீர்கள். ஆலிம்களின் அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் ஓதியவனல்லன். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு இடையே சிறகு வைத்த குதிரையைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததாக அபூதாவூதில் வருவதை மட்டும் மதரஸாவில் கேட்டிருக்கிறேன். அந்தச் சிறகு ஒரு பொய்யன்று. குதிரைக்குச் சிறகு இல்லை என்று அறிந்துதான் பிள்ளை விளையாடுகிறது. ரோஜா நிற வாப்பா அப்படியல்ல. அதை அந்தப் பிள்ளை நம்புகிறது.

அமெரிக்காவில் கிரயோலா கம்பெனி தன் மெழுகு வண்ணக் குச்சிகளில் ஒன்றுக்கு ‘சதை’ என்று வைத்திருந்த பெயரை ‘பீச் பழம்’ என்று மாற்றியதும் அதே 1962இல்தான். இத்தனை வருஷம் கழித்தும் என் கல்லாவுக்கு எதிரே நிற்கும் பிள்ளைகள் ‘தோல் கலர்’ என்றே கேட்கிறார்கள். இப்போது நான் பழுப்பு நிறங்களை எல்லாம் முன்தட்டில் அடுக்கியிருக்கிறேன். “யாருடைய தோல், தங்கச்சி?” என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சென்ற வாரம் ஒரு பெண் பிள்ளை தன் கையைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்து, ஒவ்வொரு பென்சிலாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.