கும்மிடிப்பூண்டி போய்த் திரும்பும் தூரம்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயிலில் போய்த் திரும்பினால் தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டமும் ஏறக்குறைய அவ்வளவுதான், முழுக்க மலைச்சாலை. முதல் உலகப்போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1921-இல் தொடங்கியது. இன்று 12 மணி நேரம் ஆனதும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது.

ஓட்டம் நடப்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் கப்பலில் போய் இறங்கிய டர்பன்தான். அவர்கள் பிள்ளைகளுக்கும் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் 1975 வரை இந்த ஓட்டத்தில் அதிகாரபூர்வ இடமில்லை. நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. 1923-இல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் மறுப்பை மீறி ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் தரவில்லை. உடன் ஓடியவர்களும் பார்த்தவர்களுமே வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் கொடுத்தார்கள்.