அடுத்த ஷிஃப்டுக்கு

வானம் பார்க்கத் தோதான ஊர் இல்லை மறைமலை நகர். தொழிற்பேட்டை விளக்கும் ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சமும் விழுங்கியது போக, கொஞ்சம் நட்சத்திரங்கள்தான் மிஞ்சும். அவற்றில் ஒன்று ரோகிணி. மாசி மாதம் இருட்டியதும் உச்சியில் செம்மஞ்சளாகத் தெரியும். அதன் ஒளி இங்கே வந்து சேர 65 ஆண்டுகள். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நாம் ‘சௌக்கியமா?’ என்று கேட்டால் பதில் வர 130 ஆண்டுகள் ஆகும்.

வேறெங்கும் அறிவுள்ள உயிர் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டது 1995இல். இன்று அப்படிப்பட்ட வெளிக்கோள்கள் 6,000ஐத் தாண்டிவிட்டன. இடத்துக்குப் பஞ்சமில்லை, காலம்தான் இடிக்கிறது. பூமிக்கு வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். ரேடியோ அலையில் பேச நாம் கற்று நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான். 1961இல் ஃபிராங்க் டிரேக் எழுதிய சமன்பாட்டின் கடைசி உறுப்பு இதுதான்: பேசத் தெரிந்த ஒரு நாகரிகம் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும்? நிலைக்கும் என்று போடும் கணக்குகள் எங்கள் ஊருக்குப் பழக்கம். 1990களில் இங்கே வந்த ஃபோர்டு ஆலை 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது.

ஒடிசாவிலிருந்து வந்து ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி ஒருவனிடம் டீக்கடையில் வாயேஜர் பற்றிச் சொன்னேன். 1977இல் கிளம்பிய அந்த இரண்டு விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வாழ்த்து. தெலுங்கு, கன்னடம், சிங்களம், ஒடியா எல்லாம் உண்டு; தமிழ் இல்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

“எப்பண்ணா போய்ச் சேரும்?”

“இன்னொரு நட்சத்திரத்துப் பக்கம் போகவே நாற்பதாயிரம் வருஷம் ஆகும்பா.”

டம்ளரைக் கீழே வைத்தான். “அப்ப எதுக்குண்ணா அனுப்புனாங்க?”

நியாயமான கேள்வி. ஆனால் அவனும் தினமும் அதைத்தான் செய்கிறான். ஒரே மெஷினில் வேலை பார்ப்பவர்கள் ஷிஃப்ட் மாறும் சில நிமிடங்கள்தான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். அதுவும் தவறினால், பதிவேட்டில் எழுதி வைத்த குறிப்புதான் பேசும். அறிவுள்ள உலகங்களும் அப்படி ஒன்றையொன்று தவறவிட்டுக்கொண்டே இருக்கலாம்.

ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை அமைக்கப் பாடுபட்டவர் வைனு பாப்பு. 1982இல் அவர் இறந்தார். தொலைநோக்கி 1986இல்தான் திறக்கப்பட்டது. அதில் கண் வைத்துப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். தன் ஆயுளுக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் வேலையே தொடங்கியிருக்காது.

வானத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் கேள்வியை அனுப்பிவிட்டோம். பதில் வருகிற நாளில் அதைக் கேட்க இங்கே ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்காக ஏரியையும் காற்றையும் கெடாமல் விட்டுவைப்பதும் தேடலில் சேர்த்திதான். அது நம் ஷிஃப்ட் வேலை.