விதிகள் மாறலாம், வாக்கு மாறலாமா?

மனித உள்ளம் விந்தையானது. புதியதொன்றைக் கண்டால் அதன்பால் தாவுகிறது. தாவிய மறுகணமே, விட்டுவந்ததை எண்ணி ஏங்குகிறது. பழமை என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவாரும், புதுமை என்பதற்காகவே ஒன்றைத் தழுவுவாரும் எல்லாக் காலத்திலும் உளர். இவ்விரு சாராரும் ஓயாமல் வாதிடுகின்றனர். ஆயின் இருவருமே கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்றுண்டு. ஒன்றை மாற்றும்போது, அதனால் நம்மோடு பிணைக்கப்பட்டிருந்த மனிதர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன?

பெரிய செய்திகளில் இக்கேள்வியை எழுப்பினால் கோபமும் கட்சியும் குறுக்கே வந்து நின்றுவிடும். எனவே மிகச் சிறியதொரு செய்தியை, அதுவும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். பானைச் சோற்றின் பக்குவத்தை ஒரு பருக்கையில் அறிவதில்லையா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் உண்டு. 1974-ஆம் ஆண்டு அவ்வூரிலிருந்து, மூன்று சிறு கையேடுகள் அடங்கிய பெட்டியாக, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எனும் விளையாட்டு வெளிவந்தது. பாதாள அறைகளும் பறக்கும் நாகங்களும் என அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் எனும் இருவர். முதன்முறை அச்சிட்டவை 1000 பெட்டிகளே.

இதில் காய் நகர்த்தி எதிரியை வீழ்த்துவது நோக்கமன்று. நண்பர் நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரமாகிவிடுவர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வழிகாட்டி. குகைவாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே ஒளி தெரிகிறது, என்ன செய்யப் போகிறீர்கள் என்று நடத்துநர் கேட்பார். அவரவர் தம் செயலைச் சொல்வர். அச்செயல் பலிக்குமா என்பதில் ஐயம் எழுந்தால், 4 முகம் முதல் 20 முகம் வரையுள்ள பகடைகளுள் ஒன்று உருட்டப்படும். வென்றார் தோற்றார் என்ற பேச்சில்லை. வாரம் ஒருமுறை கூடி, ஒரே கதையைப் பத்தாண்டு தொடர்ந்தவர்களும் உண்டு.

பகடை என்றதும் நம் வாசகர்களுள் பலர் முகம் சுளிப்பர்; அதில் நியாயமும் உண்டு. பகடையாட்டத்தைக் கண்டித்து வந்துள்ள நபிமொழிகளை நாம் அறிவோம். இவ்விளையாட்டில் பணயம் வைப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் அது ஆகுமானதா எனத் தீர்ப்புரைப்பது உலமாப் பெருமக்களின் பொறுப்பு, நம்முடையதன்று. எவரையும் ஆட அழைப்பதற்காக இதனை நாம் எழுதவில்லை. ஆடுவோரிடையே எழுந்த ஒரு வழக்கு, ஆடாதாருக்கும் பாடமாகிறது என்பதற்காகவே எழுதுகிறோம்.

அவ்வழக்கு யாது? பதிப்பு மாற்றம்தான். 1977-லிருந்து 1979-க்குள் அவ்விளையாட்டின் விதிகள் விரிவாக்கப்பட்டு மூன்று பெருநூல்களாயின. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. விளையாட்டை வெளியிட்டுவந்த நிறுவனம் 1997-இல் கைமாறியது. புதிய உரிமையாளரான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் மூன்றாம் பதிப்பையும், 2008-இல் நான்காவதையும், 2014-இல் ஐந்தாவதையும் வெளியிட்டது. 2024-இல் ஐந்தாம் பதிப்பே திருத்தப்பெற்று மீண்டும் வந்தது.

இவை அச்சுப்பிழை நீக்கிய மறுபதிப்புகள் அல்ல. ஒவ்வொன்றிலும் விதிகளே மாறின. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பழைய பதிப்புகளில் கவசத்துக்குரிய எண் குறையக் குறையப் பாதுகாப்பு மிகும். 2000-இல் அது தலைகீழாயிற்று. எண் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடியது. புதிய முறை எளிது, குழந்தைக்கும் விளங்கும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் பழைய கணக்கை மனத்தில் ஊறப்போட்டிருந்தவருக்கு, தம் வீட்டுக் கதவு ஒரே இரவில் இடம் மாறியது போலிருந்திருக்கும்.

இங்கே தத்துவ வினா ஒன்று எழுகிறது. விதிகள் எல்லாம் மாறிய பின்னும் அது அதே விளையாட்டுத்தானா? பெயர் அதுவே, ஆனால் பெயர் மட்டும் ஒரு பொருளின் உயிராகிவிடாது. விதிகளே உயிர் என்போமாயின், ஒரு விதி மாறினாலும் பழையது செத்துவிட்டது என்றாகும், அதுவும் பொருந்தவில்லை. நாம் கருதுவது இது: அவ்விளையாட்டின் உயிர் நூலிலும் இல்லை, பெயரிலும் இல்லை, ஒருவர் சொல்லை மற்றவர் நம்பி, ஒரே கதையைச் சேர்ந்து கட்டுகின்ற அந்த மேசையில் இருக்கிறது. விதிகள் அந்த நம்பிக்கையைத் தாங்கும் தூண்கள். தூணை மாற்றலாம், மாற்றும்வேளையில் கூரைக்கடியில் இருப்பவர்களை நினைக்க வேண்டும்.

சதுரங்கத்தின் வரலாறு இதற்கோர் ஒளி தருகிறது. சதுரங்கத்தைப் பற்றியும் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், 'ஷத்ரஞ்ச்' எனும் பெயரால் முஸ்லிம் உலகில் அது பல நூற்றாண்டு ஆடப்பட்டது. அதில் அரசனுக்கருகே நின்ற அமைச்சர் குறுக்காக ஒரு கட்டம் மட்டுமே நகர்வார். யானை குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் தென்பகுதியில் இவ்விதிகள் மாறின. அமைச்சர் இருந்த இடத்தில், எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லவல்ல அரசி வந்தாள். யானையும் குறுக்குவழி முழுவதும் ஓடலாயிற்று. 1497-இல் ஸ்பெயின் நாட்டவரான லூஸேனா அச்சிட்ட நூலில் பழைய முறைப் புதிர்களும் புதிய முறைப் புதிர்களும் அருகருகே இடம்பெற்றன. மாறுகின்ற காலத்தில் இரு சாராருக்கும் இடமளித்த அந்நூலின் பண்பு பாராட்டத்தக்கது.

புதிய முறையால் ஆட்டம் விரைவு பெற்றது, உலகெங்கும் பரவியது. இது இலாபம். நட்டமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் கலீஃபாக்களது அவையில் விளங்கிய அஸ்ஸூலி எனும் சதுரங்க மேதை, பழைய விதிப்படி ஒரு புதிரை அமைத்துவிட்டுச் சென்றார். அதற்கு விடை 1980-களில்தான் சோவியத் சதுரங்க மேதை யூரி அவர்பாக்கால் காணப்பட்டது. ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு! புதிர் கடினமானது என்பது ஒரு காரணம். அம்மொழியில் சிந்திப்பார் அருகிவிட்டனர் என்பதும் ஒரு காரணமன்றோ? ஒரு விதித்தொகுதி வழக்கொழிந்தால், அதனுள்ளிருந்து எழுந்த அறிவும் பூட்டிய பேழைக்குள் போய்விடுகிறது.

இனி, நமக்கு நெருங்கிய சான்றொன்று. விளையாட்டையும் மார்க்கத்தையும் ஒரு தட்டில் வைப்பதாக எவரும் எண்ணிவிடலாகாது. மாற்றம் எவ்வாறு நிகழவேண்டும் என்பதற்குப் பெரியோர் காட்டிய நெறியை மட்டுமே இங்குச் சுட்டுகிறோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது கூறிய கருத்துகள் 'கதீம்' எனப்படும். எகிப்தில் குடியேறிய பின் கூறியவை 'ஜதீத்' எனப்படும். முன்னது பழைய கூற்று, பின்னது புதிய கூற்று. தாமே சொன்னதைத் தாமே மாற்றிக்கொள்ள அப்பெருந்தகை நாணவில்லை. மேலும் கிடைத்த சான்றும் மேலும் நிகழ்ந்த ஆய்வுமே அம்மாற்றத்துக்குக் காரணங்கள், புதுமை மோகமன்று. ஹிஜ்ரி 204-இல் அவர்கள் மறைந்த பின், அவர்கள் வழிவந்த அறிஞர்கள் புதிய கூற்றையே பெரிதும் பின்பற்றினர். ஆயினும் பழையதை அழித்துவிடவில்லை, பாதுகாத்தனர். சில மஸ்அலாக்களில் பழைய கூற்றையே தேர்ந்துமுள்ளனர். மாற்றத்துக்குக் காரணம் வேண்டும், விட்டதற்கு மதிப்பு வேண்டும் எனும் இரு பாடங்களை இங்குக் காண்கிறோம்.

இவ்விரு பாடங்களோடு மூன்றாவதொன்றைச் சேர்க்க, அமெரிக்க விளையாட்டின் கதைக்கே திரும்புவோம். மூன்றாம் பதிப்பு வந்த 2000-ஆம் ஆண்டில், அதன் விதிகளை அடிப்படையாக வைத்துப் பிறரும் நூல்கள் எழுதி விற்கலாம் எனக் காலவரையற்ற பொது உரிமம் ஒன்று வழங்கப்பட்டது. அதனை நம்பிப் பலர் தம் வாழ்வாதாரத்தையே அமைத்துக்கொண்டனர். 2008-இல் நான்காம் பதிப்பு வந்தபோது, இது நம் விளையாட்டன்று என்று எண்ணினோர் பலர். பைஸோ எனும் நிறுவனம் அவ்வுரிமத்தைக் கொண்டே, பழைய விதிகளைத் தழுவி 'பாத்ஃபைண்டர்' எனும் விளையாட்டை 2009-இல் வெளியிட்டு அவர்களுக்குப் புகலிடமானது. ஆக, புதியதை ஆக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது. பழையதில் தங்கும் உரிமை மற்றவருக்கும் இருந்தது. உரசல் இருந்தும் அநீதி இல்லை.

2023 சனவரியில்தான் அநீதி வாசலைத் தட்டியது. அந்தப் பழைய உரிமத்தைச் செல்லாததாக்கி, பெரிய அளவில் விற்போரிடம் பங்கு கேட்கும் புதிய உரிமத்தின் வரைவு வெளியே கசிந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். அதே மாதம் 27-ஆம் நாள் நிறுவனம் பின்வாங்கியது. பழைய உரிமத்தை நிலைநிறுத்தியதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்றும் விட்டுக்கொடுத்தது. மக்கள் சினந்தது விதி மாறியதற்காக அன்று, வாக்கு மாறவிருந்ததற்காக. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைச் சாதாரண ஆட்டக்காரர்கள் உணர்ந்திருந்தனர் என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு பணிப்பதோடு தொடங்கும் அத்தியாயம் ஒன்று நம் திருமறையில் உண்டு. உடன்படிக்கை பெரிதா சிறிதா என்று அக்கட்டளை பிரித்துப் பார்க்கவில்லை.

நிறுவனங்களைக் குறைகூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வதும் முறையன்று. மெய்யான சோதனை அந்தச் சிறிய மேசையில்தான் நிகழ்கிறது. நண்பர் ஐவர் எட்டாண்டுகளாக ஆடிவருகின்றனர் என வைத்துக்கொள்வோம். புதிய பதிப்பு வந்துவிட்டது. மூவர் அதற்கு மாற விழைகின்றனர். நான்காமவருக்குப் பழையதே போதும். எட்டாண்டு வளர்த்த தம் பாத்திரம் புதிய கணக்கில் வேற்றாளாகிவிடும் என்று அஞ்சுகிறார். ஐந்தாமவர் எதுவும் பேசவில்லை. விலைமிக்க புதிய நூல்களை வாங்க அவரிடம் பொருளில்லை. அதைச் சொல்ல அவருக்கு நாணம்.

பெரும்பான்மை என்று சொல்லி மூவரும் முடிவெடுத்துவிடலாம், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அடுத்த வாரம் இரண்டு நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்கும். திருத்திய விதிகள் எத்துணை நேர்த்தியாயினும் அவ்வெறுமையை நிரப்பமாட்டா. நான்காமவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தாம் காப்பது நட்பையா, தம் பிடிவாதத்தையா? பழமையின் பெயரால் புதியவர்களை இகழ்வதும் ஒருவகைச் செருக்கே.

அப்படியானால் என் செய்வது? எல்லாரும் கூடி மஷ்வரா செய்யட்டும். கலந்தாலோசனையின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்திருப்பது வீணன்று. கலந்தாய்வு என்பது தலைகளை எண்ணுவது மட்டுமன்று. பேசாதிருப்பவரின் மௌனத்தைப் படிப்பதுமாகும். தொடங்கிய கதையைப் பழைய விதிகளிலேயே முடிக்கட்டும். அது நான்காமவருக்குச் செலுத்தும் கடன். அடுத்த கதையைப் புதிய விதிகளில் தொடங்கட்டும். அது மூவருக்குச் செலுத்தும் கடன். நூல் ஒன்றை வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். ஐந்தாமவர் கேட்காமலேயே கிடைக்கும் கடன் அது.

வெறும் விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஆதாயமே இல்லாத இடத்தில் ஒருவன் வாக்கைக் காக்கிறானா என்பதில்தான் அவன் தரம் தெரிகிறது. மேசையில் தோழனின் மௌனத்தைக் கேளாத காது, வீட்டில் மனைவியின் மௌனத்தையும் மஹல்லாவில் ஏழையின் மௌனத்தையும் கேட்டுவிடுமா? நம் குடும்பங்களிலும் பழக்கங்கள் மாறுகின்றன, பாகப்பிரிவினை நடக்கிறது, பழைய வீடு இடிந்து புதிய வீடு எழுகிறது. ஒவ்வொரு முறையும், பேச வாயற்ற ஒருவர் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறார்.

மாற வேண்டியவற்றில் மாறும் துணிவையும், காக்க வேண்டியவற்றைக் காக்கும் உறுதியையும், நம்மோடு அமர்ந்திருப்போரை மறவாத நெஞ்சையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.