பூனையின் அச்சமும் நமது சீலமும்

உயிர்க்கொலை நீங்குதல் என்னும் முதற் சீலத்தை மேற்கொண்ட இல்லறத்தார், வீட்டினுள் சிறுநீர் பீய்ச்சும் பூனை ஒன்றைச் சாக்கிலிட்டுக் கட்டித் தொலைவிலே விட்டுவரலாமா? கேட்பதற்கு இது அற்பமான வினாவே. ஆயினும் நமக்கு இனியவற்றினிடம் கருணை காட்டுதல் எளிது. தொல்லை தரும் சிற்றுயிரிடத்து நாம் நடந்துகொள்ளும் முறையே நம் சீலத்தின் அளவைக் காட்டும். ஆதலின் இதனை ஆராய்தல் தகும்.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் வழியில், மலையடிவாரத்தில் உள்ளது வித்துரா. அங்கு ரப்பர் மரங்களுக்கிடையே வீடு கட்டி வாழும் அன்பர் ஒருவரின் இல்லத்தில் சென்ற மழைக்காலத்திலே சில நாள் தங்கினோம். குட்டியாய் வந்து மூன்றாண்டு வளர்ந்த கடுவன் பூனை ஒன்று அவ்வீட்டில் இருந்தது. மழை தொடங்கியது முதல் அது கதவு நிலையிலும் சுவரிலும் அரிசி மூட்டையிலும் சிறுநீர் பீய்ச்சத் தலைப்பட்டது. அன்பர் அடித்தார், அது மேலும் பீய்ச்சியது. இறுதியில், கல்லாற்றுக்கு அப்பால் காட்டோரத்தில் விட்டுவிடுவதென வீட்டார் முடிவு செய்தனர். “நாங்கள் கொல்லவில்லையே, விட்டுவிட்டுத்தானே வருகிறோம். இதில் சீலம் எங்ஙனம் கெடும்?” என்று அன்பர் நம்மை வினவினார்.

எழுத்தளவில் அவர் கூற்றில் பிழையில்லை. கொலைக் குற்றம் நிறைவுறுதற்கு ஐந்து உறுப்புகளை உரையாசிரியர் கூறுவர்: உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் நேரும் சாவு. அன்பரிடத்துக் கொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் அடுத்து நேரக்கூடியது யாதென அவர் அறியாதவரும் அல்லர். வைத்த சோற்றை உண்டு பழகிய பூனை, வேறு பூனைகளும் நாய்களும் ஆளும் இடத்தில் பட்டினியால் மெலியும். பிழைத்தாலோ, பறவைகளையும் ஓணான்களையும் அணில்களையும் கொன்றே பிழைக்கும். 1983-இல் வனவிலங்குச் சரணாலயமான பேப்பாறைக் காடும் வித்துராவுக்கு அண்மையிலேயே உள்ளது. ஆகவே நம் வீட்டுத் துன்பத்தைக் காட்டில் இறக்கி வைத்தோமேயன்றித் துன்பத்தை நீக்கினோம் அல்லோம். பசியாலும் தாகத்தாலும் வருந்தும் நிலையில் விலங்கைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும். சட்டம் அத்தோடு நிற்கும், சீலமோ, “அறிந்தும் ஏன் கண்ணை மூடிக்கொண்டாய்?” என மேலும் கேட்கும்.

துன்பத்தைக் கண்டவிடத்து அதன் காரணத்தைத் தேடுக என்பதே பகவன் காட்டிய நெறி. பூனை பழிவாங்குவதற்காக இதனைச் செய்வதில்லை. நின்றபடியே வாலை உயர்த்தி, அதனை நடுங்கச் செய்து, சுவரிலே சிறிதளவு பீய்ச்சுமாயின், அது தன் எல்லையைக் குறிக்கும் செயலாகும். அயற்பூனையின் வரவு, வீடு மாறுதல், புதிய குழந்தை, இடம் மாறிய தட்டுமுட்டுகள் ஆகியவற்றால் தன் இடம் பறிபோகுமோ என அஞ்சும் பூனை, தன் மணத்தைப் பூசி ஆறுதல் தேடுகின்றது. தரையில் குந்திப் பெய்யுமாயின் காரணம் வேறாகலாம். அடிக்கடி முக்கியும் நீர் இறங்காமல் கதறுமாயின் அது நீரடைப்பு. கடுவனுக்கு ஓரிரு நாளில் உயிர் போகும் அபாயமாதலின், உடனே கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும்.

வித்துரா வீட்டில் காரணம் விரைவில் தெரிந்தது. ஊர்க்கடுவன் ஒன்று மழைக்கு ஒதுங்கி இரவுதோறும் திண்ணையில் படுத்தது. உள்ளிருந்த பூனை சன்னல் வழியே அதனைக் கண்டு நடுங்கியது.

காரணம் தெரிந்தபின் வழியும் தெரியும். காயடிக்கப்பெற்ற கடுவன்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது இப்பழக்கத்தை விடும், அல்லது குறைக்கும். இது இம்சையன்றோ எனச் சிலர் ஐயுறுவர். மயக்க மருந்து தந்து மருத்துவர் செய்யும் இச்சிகிச்சையின் சிறு நோவையும், பேணுவாரின்றித் தெருவில் மடியும் குட்டிகளின் துயரையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பார்க்கு அவ்வையம் தீரும். சன்னலின் கீழ்ப்பகுதியை மறைத்தல், ஊர்க்கடுவனுக்கும் அதே சிகிச்சை செய்வித்து அதன் படுக்கையை அப்பால் அமைத்தல், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணற்பெட்டி வைத்தல், ஏறி அமர உயரமான இடமும் ஒளிய ஒரு பெட்டியும் தருதல் ஆகியன பயன்தரும். கறைபட்ட இடத்தைச் சவர்க்கார நீரால் நன்கு கழுவுக. பினாயில் பூனைக்கு நஞ்சு. அம்மோனியா கலந்த நீர்மமோ சிறுநீர் மணத்தையே நினைவூட்டும். அடித்தல் கூடவே கூடாது. அடி அச்சத்தை வளர்க்கும், அச்சம் பீய்ச்சுதலை வளர்க்கும்.

ஈண்டு நம் உள்ளத்தையும் சிறிது நோக்குவோம். பூனை தன் இடம் போய்விடுமென அஞ்சியது; அன்பரோ விருந்தினர் முன் தம் மானம் போய்விடுமென அஞ்சினார். அவர் அச்சம் சினமாயிற்று, சினம் அடியாயிற்று, அடி பூனைக்கு மீண்டும் அச்சமாயிற்று. இச்சங்கிலியை அறுக்கும் ஆற்றல் இருவருள் ஒருவருக்கே உண்டு. காரணத்தை ஆராயும் அறிவு மனிதனிடத்தே இருத்தலின், பொறுக்கும் கடமையும் அவனுடையதே.

இரு திங்கள் கழித்து அன்பரிடமிருந்து செய்தி வந்தது. பீய்ச்சுதல் பெரிதும் குறைந்ததாம், முற்றும் நின்றபாடில்லையாம். இடியும் மழையுமான இரவுகளில் எப்போதேனும் ஒருமுறை நேர்கிறதாம். கதவருகே ஒரு துணியும் வாளியும் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். சாக்கை எடுத்த கை இன்று துணியை எடுக்கின்றது. அவர் கேட்ட வினாவுக்கு இதனினும் நல்ல விடை நம்மிடம் இல்லை.