பாதியில் திரும்புதல்

தரம் ஏழு மாணவர்களுக்கு ஒருநாள் ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வல்வெட்டித்துறைக்காரர், சட்டத்தரணி. 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பியவர். போகவும் வரவும் 51 மணித்தியாலங்கள். 1978இல் ஒற்றைக்காலில் 33 மணித்தியாலங்கள் நின்றார். 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார்.

கடைசி வாங்கிலிருந்த பொடியன் எழுந்தான். "சேர், பாதியிலை திரும்பி வந்திருந்தால் சனம் அவரைப் பகிடி பண்ணியிருக்குமோ?"

மணி அடித்தது. நான் பதில் சொல்லாமல் தப்பினேன்.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்த முஸ்லிம் நண்பர் ஒருவரிடமிருந்துதான் அமானிதம் என்ற சொல்லைக் கற்றேன். உயிர் நமக்குச் சொந்தமானதன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பார். அப்படியாயின் ஒரு சாதனைக்காக அதைப் பணயம் வைக்க நமக்கு உரிமை உண்டா?

உடனே இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. ஒப்படைக்கப்பட்டதைப் பூட்டி வைப்பது மாத்திரம் காப்பதாகாது. 1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்திராவிட்டால், மனித உடலால் அது இயலும் என்று நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

ஆனால் எல்லையொன்று உண்டு. ஆங்கிலக் கால்வாயில் நீந்துபவருக்குப் பக்கத்திலேயே துணைப்படகு வரும். அதைத் தொட்டால் முயற்சி முடிந்தது. குளிர் உடலுக்குள் இறங்கும்போது அறிவும் மங்கும். நிறுத்த வேண்டிய நேரம் நீந்துபவருக்கே தெரியாமற் போகலாம். ஆகவே அமானிதத்தின் பொறுப்பு அவருடையது மாத்திரமன்று, படகில் இருப்பவருடையதும் கரையில் காத்திருப்பவருடையதுமாகும்.

அக்கால்வாயை 1875இல் முதன்முதலாக நீந்திக் கடந்த மத்தியூ வெப், 1883இல் நயாகராவின் சுழலில் நீந்தப்போய் மாண்டார். புகழ் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அம்முறை அவர் நாடியது பணத்தை. வேடிக்கை பார்க்கச் சனமும் திரண்டிருந்தது. அந்தச் சாவில் பார்த்து நின்றவர்களுக்குப் பங்கில்லையா?

நம் கடற்றொழிலாளரைப் பாருங்கள். அவர்களும் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்தே கடலுக்குப் போகிறார்கள். காற்று மாறினால் வெறும் வலையோடு திரும்புகிறார்கள். கரையில் எவரும் அவர்களைக் கோழை என்பதில்லை. பிள்ளைகளின் தகப்பன் வந்து சேர்ந்தானே என்பதே அங்கு பெரிது.

ஆனந்தனின் கடைசி நேரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்லன். என் தவறு வேறு. இத்தனை வருடங்களாக வென்றவரையும் மாண்டவரையும் பற்றியே வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். திரும்பி வந்த ஒருவரைப் பற்றியேனும் சொன்னதில்லை.

மறுநாள் அந்தப் பொடியனைக் கூப்பிட்டுப் பதில் சொன்னேன். "பண்ணியிருக்கும் தம்பி. அது அவற்றை பிழையில்லை, எங்கடை பிழை."