கரித்துணியும் துவராடையும்

பழைய ஜீன்ஸின் கால் பகுதி, நைந்த குளியல் துண்டு, ரவிக்கை தைத்தபின் மிஞ்சிய பருத்தித் துணி. இவை இருந்தால் ஓவனிலிருந்து சூடான தட்டை எடுக்க ஒரு கையுறை தைத்துவிடலாம். மேலே ஜீன்ஸ், நடுவில் துண்டு இரண்டு மூன்று மடிப்பாக, உள்ளே பருத்தி. கட்டைவிரல் பிரியும் மூலையில், தையலைத் தொடாமல் ஒரு சின்ன வெட்டு கொடுத்துவிட்டுத் திருப்பினால் சுருக்கம் விழாது. கையைக் காப்பது பெரும்பாலும் அந்த அடுக்குகளில் சிக்கியிருக்கும் காற்று. ஈரமான கரித்துணியால் பாத்திரத்தைப் பிடித்தால் சட்டென்று சுடுவதும் இதனால்தான். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும்.

எளிய வேலைதான். ஆனால் கத்தரியைக் கையில் எடுக்கும்போதே ஒரு பழைய கேள்வியும் கூட வருகிறது: ஒரு துணியின் பயன் எங்கே முடிகிறது? மிச்சத்தைக் காப்பது அறமா, விட மனமில்லாத பற்றா?

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினய பிடகம் இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொள்கிறது. கோசாம்பியில் உதேன மன்னனின் அரசியர் புத்தரின் சீடரான ஆனந்தருக்கு 500 ஆடைகள் கொடுத்தார்கள். துறவி என்ன துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று மன்னனுக்கு எரிச்சல். நேரில் போய்க் கேட்டான். ஆடை நைந்துபோன துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதாக ஆனந்தர் சொன்னார். சரி, அந்த நைந்த ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தை உறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். பிறகு கால்மிதி, அதன்பின் தூசி தட்டும் துணி. அதுவும் தேய்ந்தால் நறுக்கி, சேற்றோடு பிசைந்து, தரையில் பூசிவிடுவார்கள். மன்னன் மகிழ்ந்து இன்னும் 500 துணிகள் கொடுத்தான்.

துணி புனிதமானது என்று ஆனந்தர் எங்கும் சொல்லவில்லை. அடுத்து என்ன வேலை, அதற்கடுத்து என்ன வேலை என்று மட்டுமே சொல்கிறார். பருத்தி விளைவித்தவர், நூற்றவர், நெய்தவர், கொடுத்தவர் ஆகிய எல்லோருக்கும் காட்டும் கணக்கு அது. தானமாக வந்ததைப் பாதியில் தூக்கிப் போட்டால் அவர்களுக்கு அநீதி இழைத்ததாகும். கையுறை தைப்பதிலுள்ள அறமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிக்கனம் அதற்குப் பிறகு வருவது.

ஆனால் அதே வினயம் சேர்த்து வைப்பதற்கும் கடிவாளம் போடுகிறது. உபரித் துணியை உரிய முறையில் பிறரோடு பங்குவைத்துக்கொள்ளாமல் ஒரு பிக்கு 10 நாளுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம். துணியை ஒப்படைத்துவிட்டுக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'என்றைக்காவது உதவும்' என்று பெட்டி நிறைய வெட்டுத்துணி சேர்க்கும் வீடுகளுக்கு இது கடுமையான விதியாகத் தோன்றலாம். கடுமைக்குக் காரணம் உண்டு. அடுத்த வேலைக்குப் போகாமல் பெட்டிக்குள் கிடக்கும் துண்டும் ஒருவகையில் வீணானதுதான். அறத்துக்கும் பற்றுக்கும் நடுவே கோடு போட ஒரு கெடு தேவைப்பட்டது; வினயம் அதை நாட்கணக்கில் வைத்தது.

ஒட்டுத்தையலுக்கும் அங்கே ஒரு காரணம் சொல்லப்படுகிறது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடந்த அழகைக் காட்டி, இதைப்போல ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டார். குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய கந்தல் ஆடைக்குப் பெயர் பாம்சுகூலம். புத்தரின் இன்னொரு சீடரான மகாகாசியபர் அதை உடுத்தியவர். நல்ல துணி தானமாகக் கிடைத்தாலும் அதை வெட்டி இணைத்தே துறவியின் துவராடையான சீவரம் தைக்க வேண்டும். வெட்டுப்பட்ட துணியின் மேல் திருடனுக்கும் ஆசை வராது. விலை போய்விட்டது, பயன் அப்படியே இருக்கிறது. இன்று புதுத் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுத்தையலுக்கென்றே கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அந்த வெட்டு விலையைக் கூட்டுகிறது. அதில் தைத்த கையுறை அழகாக இருக்கலாம். ஆனால் அதை மிச்சத்தில் பிறந்தது என்று சொல்ல முடியாது.

பயன் முடிந்த பொருளை வழியனுப்ப ஜப்பானியர் வேறொரு வழியும் கண்டிருக்கிறார்கள். ஹரி குயோ என்ற சடங்கில், முறிந்த ஊசிகளை மென்மையான டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்கிறார்கள். டோக்கியோவின் சென்சோஜி கோயிலில் இது பிப்ரவரி 8 அன்று நடக்கிறது. முறிந்த ஊசியால் இனி ஆவது ஒன்றுமில்லை, அதனால் அதற்கு நன்றி பொருந்தும். உழைக்கத் தெம்புள்ள துணிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவது அவசரம். அதற்கு வேலை தருவதே மரியாதை.

ஆனந்தரின் வரிசை இன்றைக்கு அறுந்துபோவது அதன் கடைசிப் படியில்தான். அவர் காலத்துத் துணி செடியிலிருந்தோ விலங்கிலிருந்தோ வந்தது, மண்ணோடு கலந்தது. நம் வெட்டுத்துணிப் பையில் பாதி பாலியெஸ்டர். அது சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகும். ஓவன் தட்டின் சூடு அந்த அளவை நெருங்கக்கூடியது. கேஸ் அடுப்பின் தீ பட்டாலோ உருகித் தோலில் ஒட்டும். மண்ணில் போட்டால் பல ஆண்டுகளுக்கு மக்காது. ஆகவே கையுறைக்குத் துண்டு தேடும்போதே பருத்தி, லினன், கம்பளி என்று பிரித்தெடுக்க வேண்டும். தைக்கும் நூலும் பருத்தியாக இருந்தால், என்றோ அமுங்கித் தட்டையாகிச் சூடு தாங்காமல் போகும் கையுறையைத் தரை துடைக்கவும், அதன்பின் நறுக்கி உரக்குழியில் போடவும் முடியும்.