நாலரை மில்லிமீற்றர்

ஒரு பிழை எவருடைய கண்ணுக்கும் தெரியாதென்றால் அது பிழைதானா? இந்தக் கேள்வியை எங்களுக்குள் கிளப்பிவிட்டது ஒரு விளையாட்டுப் பொருள். விளையாட்டுப் பொருள் என்றால் அதைச் செய்கிறவர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் மொடல் ரயிலை எம்மவர்க்கு அறிமுகப்படுத்த வேறு சொல் அகப்படவில்லை.

சிட்னியின் வடமேற்கே கெல்லிவில்லில் ஓர் உணவகத்தின் குசினியில் நாங்கள் நான்கு பேர் வேலை செய்கிறோம். ஒரே வீட்டில் இருக்கிறோம். சாப்பிட வருகிற ஒரு முதிய ஐரிஷ்காரர், நாங்கள் இலங்கையர் என்று அறிந்ததும் கேட்ட முதற் கேள்வி யுத்தத்தைப் பற்றியதல்ல. "உங்கள் நாட்டில் தண்டவாளத்தின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை, உணவகம் பூட்டிய நாளில், அவருடைய கராஜுக்குப் போனோம்.

கராஜில் கார் இல்லை. இடுப்பளவு உயரத்தில் நீண்ட பலகைகள். அவற்றின் மேல், அறுபது வருடங்களுக்கு முன் மூடப்பட்டுப்போன ஒரு ஐரிஷ் கிளைப் பாதையின் சின்ன ஸ்ரேசன். ஈரம் பிடித்த கல்மதில், துருவேறிய சரக்குப் பெட்டி, சிலிப்பர் கட்டைகளுக்கிடையே எண்ணெய்க் கறை, கூரை ஓட்டில் பாசி. புதிய பொருளை வாங்கி, அதைப் பழசாக்குவதற்கு மாதக் கணக்காக மினக்கெடுகிறார்கள் இந்த மனிதர்கள். எங்கள் ஊரில் பழசுக்குப் பூச்சடித்துப் புதிதாக்குவோம்; இது அதன் மறுபக்கம்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது பாசியல்ல, பாதை. ஒரு அடியை நாலு மில்லிமீற்றராகச் சுருக்கும் அளவில் இவர்கள் செய்கிறார்கள். அயர்லாந்தின் தண்டவாளம் 5 அடி 3 அங்குலம். சுருக்கினால் 21 மில்லிமீற்றர் வரும். கடையில் கிடைக்கும் பாதையோ 16.5 மில்லிமீற்றர். இங்கிலாந்து ரயிலுக்கே அது ஒடுக்கம். ஐரிஷ் ரயிலுக்கு நாலரை மில்லிமீற்றர் குறைகிறது. பெரும்பாலானோர் அந்தக் குறையைச் சகித்துக்கொண்டு கடைப் பாதையிலேயே ஓட்டுகிறார்கள். சிலர் சகிப்பதில்லை. இவர் சகிக்காதவர். ஒவ்வொரு கட்டையாக வெட்டி, ஒவ்வொரு தண்டவாளமாக ஈயம் பற்றவைத்து 21 மில்லிமீற்றரில் பாதை போட்டிருக்கிறார். பாதை அகலமானால் சில்லுகளும் மாற வேண்டும். ஒவ்வொரு எஞ்சினின் வயிற்றையும் கிழித்து அச்சை மாற்றியிருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்க்கிற எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைச் சொன்னோம். "எனக்குத் தெரியுமே" என்றார்.

இந்த 5 அடி 3 அங்குலத்துக்கே ஒரு கதை உண்டு. 1840களின் தொடக்கத்தில் அயர்லாந்தில் ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு அகலத்தில் பாதை போட்டுக்கொண்டிருந்தது. வடக்கே அல்ஸ்டர் கம்பனி 6 அடி 2 அங்குலம். டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்கு 4 அடி 8½ அங்குலம். இலண்டனில் இருந்த அதிகாரிகள், ஏறத்தாழச் சராசரி பார்த்ததுபோல, ஒருவரும் போடாத ஓர் அகலத்தை 1843இல் எல்லோருக்கும் விதித்தார்கள். தீர்ப்பு வழங்குகிறவர்கள் வழக்காளிகள் இருவருக்கும் பிடிக்காததைக் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. அந்த அகலம் கப்பலேறி அவுஸ்திரேலியாவுக்கும் வந்தது. சிட்னி ரயில்வேயின் ஐரிஷ் எஞ்சினியர் ஷீல்ட்ஸ் அதைச் சிபாரிசு செய்தார், விக்ரோறியா ஏற்றுக்கொண்டது, பின்னர் அவர் விலக, சிட்னி மனம் மாறி 4 அடி 8½ அங்குலத்துக்குத் திரும்பியது. விளைவாக, 1962 வரைக்கும் சிட்னியிலிருந்து மெல்பேண் போகிறவர்கள் எல்லையிலுள்ள அல்பெரியில் இறங்கி ரயில் மாற வேண்டியிருந்தது. மெல்பேணில் டன்டினோங்கிலிருந்து வேலைக்குப் போகும் எம்மவர்கள் இன்றைக்கும் தினமும் பயணம் செய்வது அயர்லாந்தின் அகலத்தில்தான். கெல்லிவில்லில் 2019 மே மாதம் முதல் தூண்களுக்கு மேலே சாரதியில்லாமல் ஓடும் மெற்றோ மற்ற அகலம்.

இலங்கையின் அகலம் 5 அடி 6 அங்குலம். சுருக்கினால் 22 மில்லிமீற்றர். கிழவர் அதைக் கடதாசியில் எழுதித் தந்தார். அன்றைக்குத் தொடங்கியது எங்கள் வருத்தம்.

எங்கள் வயதைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்கான கடைசி ரயில் 1990 ஜூன் 13இல் ஓடியது. நாங்கள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்காதவர்கள். தண்டவாளம் என்ற பொருளை நாங்கள் முதன்முதலில் கண்டது பங்கரின் கூரையில். மண்மூட்டைகளுக்குக் கீழே குறுக்காகக் கிடந்த அந்த இரும்பு முன்னொரு காலத்தில் நெடுக்காகக் கிடந்தது என்பதைப் பெரியவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். இராணுவமும் கழற்றியது, இயக்கமும் கழற்றியது. மிஞ்சிய மண்மேட்டில் நாங்கள் சைக்கிள் ஓடினோம், மாடு சாய்த்தோம். இந்திய நிறுவனமான இர்கோன் புதிதாகப் பாதை போட்டு 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தபோது, நாங்கள் படகேறி இங்கு வந்து வருடங்களாகியிருந்தன. ஆக, எங்களூர் ஸ்ரேசனில் ரயில் நின்றதை நாங்கள் எவரும் கண்டதில்லை. பாதியில் விட்டுவந்த பல்கலைக்கழகப் படிப்பில் பிளேட்டோவின் கட்டில் ஒன்று வரும். கட்டிலைப் பார்த்துப் படம் வரைகிறவன் உண்மையிலிருந்து மூன்றாம் இடத்தில் நிற்கிறான் என்பார் பிளேட்டோ. கட்டிலையே காணாமல், கட்டிலில் படுத்தெழும்பியவர்களின் பேச்சை வைத்து வரைகிறவன் எத்தனையாம் இடம் என்பதை அவர் சொல்லவில்லை.

அப்படியிருந்தும் ஒன்று செய்வதென்று தீர்மானித்தோம். கொடிகாமம் ஸ்ரேசன், 22 மில்லிமீற்றர் பாதையில். எஞ்சினும் ஒருவாறு அகப்பட்டது. 1954 முதல் கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்களுக்குக் கனடா மாகாணங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள், முதலாவது 'ஒன்ராறியோ'. எம்மவர் இலட்சக்கணக்கில் போய்ச் சேரப்போகும் இடத்தின் பெயர் அவர்களுக்கு முந்தியே இலங்கைத் தண்டவாளத்தில் ஓடியிருக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸின் அதே குடும்பத்து எஞ்சின்களை அயர்லாந்தும் 1961இல் வாங்கியது. கிழவர் தன்னிடம் உடைந்து கிடந்த ஒன்றின் கூட்டைத் தந்தார். வெட்டி ஒட்டினால் சாயல் வரும்.

அளவுகளில் ஒரு தகராறும் வரவில்லை. தகராறு வந்தது திகதியில்.

மொடலுக்கு ஒரு திகதி வேண்டும். "எந்த வருடம்?" என்பது இவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, வருடம் தெரியாமல் பெட்டிக்கு நிறம்கூடப் பூச முடியாது. எங்களில் ஒருவர் 'சண்டைக்கு முந்தி' என்றார். சண்டைக்கு முந்தி என்றால் எப்போது? 1982 என்றார். அதற்கு முதல் வருடம்தான் நூலகம் எரிந்தது. சரி, 1976. அடுத்த வருடம் ஆகஸ்டில் அநுராதபுரம் ஸ்ரேசனில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். எங்கள் மொடலில் சிரித்துக்கொண்டு வண்டியேறுகிறவர் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறார். யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956 என்று பார்த்தால், தனிச் சிங்களச் சட்டமும் அதே வருடத்துப் பிள்ளை. முழுப் பாதையும் திறந்த 1905க்கே போய்விடலாமென்றால், அந்தப் பிளாட்போமின் வாங்கில் யார் இருக்கலாம், யார் நிற்க வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். அதற்கும் நாங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். கறைபடாத ஒரு வருடத்தைத் தேடிப் பின்னால் நடந்து நடந்து தண்டவாளமே போடப்படாத காலத்துக்கு வந்துவிட்டோம்.

கிழவரிடம் இதைச் சொன்னோம். அவருடைய கோர்க் மாவட்டத்தில் மலோ என்ற ஊரில், ஆற்றைக் கடக்கும் பத்து வளைவுக் கற்பாலம் ஒன்று இருந்தது. 1922 ஆகஸ்டில் உள்நாட்டு யுத்தத்தில் அதைத் தகர்த்தவர்கள் அந்நியரல்லர். ஒப்பந்தத்தை எதிர்த்த ஐரிஷ் போராளிகள். அதை ஏன் நீங்கள் செய்யவில்லை என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மொடலுக்கு ஒரு முன்பக்கம்தான் உண்டு. அந்தப் பாலத்தை எந்தக் கரையிலிருந்து பார்ப்பதென்று எனக்குத் தெரியாது" என்றார். நாங்கள் அதுவரை கவனிக்கவில்லை: பலகையின் பின்புறம் வானம் வரைந்த தட்டி ஒன்று நிற்கிறது. பார்க்கிறவர் ஒரு பக்கம்தான் நிற்கலாம். முறிகண்டியில் 1985 ஜனவரியில் குண்டுவைக்கப்பட்ட ரயிலில் படையினரும் இறந்தார்கள், பொதுமக்களும் இறந்தார்கள். அதைச் செய்தால் தட்டியை எந்தப் பக்கம் நிறுத்துவது?

இன்னொன்றையும் அவரிடமிருந்து கற்றோம். இதில் அவரோடு உடன்படவில்லை. நிஜம்போலத் தோன்றும் மொடல்களில் ஆட்கள் மிகக் குறைவு. பொம்மை அசையாது, அசையாத மனிதன் பிளாட்போமில் நின்றால் கண் உடனே பொய்யைப் பிடித்துவிடுமாம். ஆகவே ரயில் போன பிறகு அமைதியாகக் கிடக்கும் ஸ்ரேசனைச் செய்வார்கள். தொழில்நுட்பமாக இது சரி. டப்ளினின் இஞ்சிகோர் பட்டறையில் வேலைசெய்த சிரில் ஃப்ரை என்பவர் வரைபடங்களைப் பார்த்துத் தன் கையால் ஐரிஷ் ரயில்களை ஒவ்வொன்றாகச் செய்து வைத்துப் போனார். அவை இப்போது மலஹைட் என்ற ஊரில் காட்சிக்கு இருக்கின்றன. 1920 அளவில் சுமார் 5,600 கிலோமீற்றர் பாதை இருந்த நாட்டில் இன்று அதில் பாதிகூட இல்லை. மறைந்துபோன பாதைகளில் ஓடிய வண்டிகளின் உருவம் அப்படியானவர்களின் கைகளால்தான் எஞ்சியிருக்கிறது. இரும்பைக் காப்பாற்ற ஆட்கள் தேவையில்லை.

ஆனால் ஆளில்லாத ஸ்ரேசன் அவர்களுக்கு அமைதி, எங்களுக்கு ஊரடங்கு. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வெறுமையாகிய பிறகு அந்த நகரை எவராவது மொடல் செய்திருந்தால் அது மிகவும் தத்ரூபமாக வந்திருக்கும். ஒரு பொம்மையும் வேண்டியிராது.

ஆட்களை வைப்பதென்றால் எவரை வைப்பது? ஊரில் ரயிலைக் கண்ட மூன்று பெரியவர்களிடம் தொலைபேசியில் கேட்டோம். தண்ணீர்த் தாங்கி எந்தப் பக்கம் நின்றதென்பதில் மூன்று பேரும் மூன்று பதில். ஆனால் பிளாட்போமில் நின்றவர்கள் விடயத்தில் மூவரும் ஒரே பதில்: கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் கிளாக்கர், முருங்கைக்காய்க் கட்டோடு வியாபாரி, பனங்கட்டிக் குட்டானோடு ஆச்சி. "ஐயா, முஸ்லிம் ஆக்கள் ஏறேல்லையோ?" என்று கேட்டதற்கு ஒருவர், "ஏறினவைதான், ஏன் தம்பி இப்ப அது?" என்றார். ஸ்ரேசன் மாஸ்ரர் சிங்களவரா என்று கேட்டதற்கு இன்னொருவர், நல்ல மனிசன், பெயர் மறந்துபோச்சு என்றார். கடைசி ரயில் ஓடி நாலரை மாதத்தில், 1990 ஒக்ரோபர் 30இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் போவதற்கு ரயில்கூட இருக்கவில்லை. முதலில் ஊரிலிருந்து வெளியேற்றினோம். இப்போது ஞாபகத்தின் பிளாட்போமிலிருந்து. 'வெளியேற்றினோம்' என்று எழுதியதற்காக எங்களுக்குள்ளேயே ஒருவர் முறைத்துக்கொண்டார். அப்போது நாங்கள் தொட்டிலில் கிடந்தோமே என்றார். தொட்டிலில் கிடந்தவர்கள் யாழ்தேவிக்கு மட்டும் எப்படி உரிமை கொண்டாடுவது என்று மற்றவர் கேட்டார். சாப்பாட்டு மேசையில் அதன் பிறகு பேச்சில்லை.

இந்த அளவில் மனிதன் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். தலையில் தொப்பி இருக்கிறதா இல்லையா என்பது மூன்றடி தள்ளி நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நாலரை மில்லிமீற்றரும் தெரியாதுதான்.

முடிவில் திகதி 1984 என்றானது. ஒரு வேலைநாள், மாதம் குறிப்பிடவில்லை. ரயிலும் ஓடியது, பயமும் ஓடியது, முஸ்லிம்களும் இருந்தார்கள், வண்டியில் சிப்பாய்களும் வந்தார்கள். 'சண்டைக்கு முந்தி' என்றவர் இதை அரைமனதோடு ஏற்றார். எங்களில் இளையவர் ஏற்கவில்லை. தண்டவாளமே வேண்டாம், எங்களுக்குச் சொந்தமாகத் தெரிந்தது மண்மேடு ஒன்றுதான், தெரிந்ததை மட்டும் செய்வோம் என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தை எங்களால் வெல்ல முடியவில்லை. அவர் தனியாக இரண்டடிப் பலகை ஒன்றில் மண்மேட்டைச் செய்துகொண்டிருக்கிறார். சைக்கிள் தடம்கூட வந்திருக்கிறது. இரண்டு பலகைகளையும் பொருத்துவதற்கு ஆணித் துளைகள் ஒரே உயரத்தில் போடப்பட்டுள்ளன. பொருத்துவோமா என்பது வேறு கதை.

பாதை மூன்றடி போட்டாயிற்று. வாங்கிய பொம்மைகள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், நீளக் கோட்டுப் போட்டவர்கள். கோட்டை அரத்தால் ராவிச் சாரமாக்கலாம், தொப்பியை ஊசிமுனை வெள்ளைப் பொட்டால் வைக்கலாம். கத்திரிக்காய் அரிந்து பழகிய கைக்கு அது பெரிய வேலையல்ல. சிப்பாய் ஒருவரும் இருக்கிறார். அவர் பயணிகளைப் பார்த்து நிற்பதா, ரயிலைப் பார்த்து நிற்பதா என்பதில் மூன்று திங்கட்கிழமைகள் போய்விட்டன.